நாற்பதில் பன்னிரண்டு

சியோலில் பிப்ரவரி. பனி கருத்து உறைந்த சந்து.
இரவெல்லாம் கேம் ஆடியவர்கள் எழுந்து போன
இருக்கைச் சூட்டில் நாங்கள் உட்கார்ந்தோம்.
இருபத்து மூன்றாம் எண் எனக்கு,
இருபத்து நான்கு டோக்யோமுக்கு.
வீட்டு இணையத்தை நம்பாதே என்று
அவன் அக்கா சொல்லியிருந்தாள்.
இங்கே கம்பி தடிமனாம்.

பத்து மணிக்குப் பாடப்பதிவு.
ஒன்பது நாற்பதுக்கே கூடையில் போட்டுவிட்டோம்:
நுண்கணிதம், கல்லூரி எழுத்து,
பேராசிரியை பியோன் நடத்தும் புள்ளியியல்.
அதுதான் தேன் என்றார்கள் எல்லோரும்.
வருகைப்பதிவில் கறார் கிடையாது,
தேர்வுக்கு ஒரு தாள் எழுதிக் கொண்டுபோகலாம்.
தேன் என்றால் ஈயும் வரும், எறும்பும் வரும்.
இருக்கை நாற்பது.
கூடையில் வைத்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம்.

மங்கோலிய மொழி எடுக்கலாமா என்றேன்.
"வேண்டாம்," என்றான்,
"உலான்பாத்தரில் பத்து வருஷம் வளர்ந்தவன்
அங்கே வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ள வருவான்."
சிரித்தோம். கப் நூடுல்ஸ் ஆவி
அவன் கண்ணாடியில் படிந்தது.

பந்திக்கு முந்து என்பார்கள்.
இங்கே முந்தி உட்கார்ந்தாலும்
இலை எண்ணித்தான் விழும்.
நாற்பது பேரில் பன்னிரண்டு பேருக்கு 'ஏ'.
பதின்மூன்றாவது ஆள்
எத்தனை சரியாக எழுதியிருந்தாலும்
பதின்மூன்றாவது ஆள்தான்.
பள்ளியில் நான் முதலாவது.
டோக்யோம் அவன் பள்ளியில் முதலாவது.
இந்த அறையில் நூடுல்ஸ் உறிஞ்சுகிற எல்லோருமே
எங்கோ ஓர் ஊரில் முதலாவது.

ஒன்பது ஐம்பத்தொன்பது.
யாரோ நொடிகளைச் சத்தமாக எண்ணினார்கள்.
அப்போதுதான் அந்தக் கணக்கு
கூப்பிடாமலே உள்ளே வந்தது:
இவனுக்கும் இடம் கிடைத்தால்
பன்னிரண்டில் ஒன்று இவனுடையது.
எனக்குப் பதினொன்றுதான் மிச்சம்.

பத்து.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்ததுபோல
அறை முழுக்க மவுஸ் சத்தம்.
எனக்குப் பச்சை.
அவன் திரை வெள்ளையாகச் சுற்றிச் சுற்றி
இடமில்லை என்றது.
"அய்யோ" என்றேன்.
அந்த அய்யோ உதட்டோடு சரி.
உள்ளே எதுவோ காலை நீட்டி
வசதியாக உட்கார்ந்துகொண்டது.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவனுக்கு மிஞ்சியது பாசியும் கற்பாசியும்.
வெள்ளிக்கிழமை மாலை, மலையடி ஆய்வகம்,
மொத்தமே பதினோரு பேர்.
அங்கே இலைக்கணக்கு இல்லையாம்.

ஏப்ரலில் இடைத்தேர்வு.
பக்கத்து இருக்கை யூன்சுல்
காய்ச்சலில் விட்ட இரண்டு நாள் குறிப்பைக் கேட்டாள்.
கொடுத்தேன்.
அவள் படமெடுக்கும்போது ஒரு பக்கம் மடிந்திருந்தது.
நானாக மடிக்கவில்லை.
மடிந்திருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜூனில் பி பிளஸ்.
எத்தனையாவது ஆள் என்று அலுவலகத்தில் கேட்டேன்.
சொல்லக் கூடாதாம்.
பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஊழியர்
"பதினான்கு" என்றார், யாருக்கோ போல.
அப்பாவிடம் போனில் பரவாயில்லை என்றேன்.
"பரவாயில்லை என்றால் எத்தனை?" என்றார்.

டோக்யோம் என்ன வாங்கினான் என்று கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
நூலகப் படியில் ஒரு லென்ஸை என் கையில் திணித்து
கைப்பிடிச் சுவரின் விளிம்பைக் காட்டினான்.
நான்கு மாதம் நான் கைவைத்து ஏறிய சுவர்.
அதில் ஒரு காடு.
குட்டிக் குட்டிக் கம்பங்கள், முனையில் தொப்பிகள்,
தொப்பிக்குள் ஈரம்.
எத்தனை வகை என்றேன்.
இந்த முழத்தில் மட்டும் ஆறு என்றான்,
தன் பணத்தை எண்ணிச் சொல்கிறவன்போல.

"ஆகஸ்ட்டில் மறுபடி பதிவு.
நீ என்ன எடுக்கப் போகிறாய்?"

லென்ஸில் என் மூச்சு படிந்திருந்தது.
சட்டை நுனியால் துடைத்தேன்.
துடைத்தபின்னும் துடைத்துக்கொண்டிருந்தேன்,
சொன்னால் அவனும் அதையே எடுப்பானோ என்று.